அவிஞ்ஞோன் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்ஸின் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் அவிஞ்ஞோன் நகரத்துக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அதனால் கிளம்புகிறவர்களின் சந்தேகங்களும் என்னிடமே வந்து சேர்கின்றன. போய்விட்டு வந்து "வெறும் சுவர்தான் இருக்கு" என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்திருந்தால் அந்தச் சுவர்களைப் பார்க்கும் விதமே மாறியிருக்கும்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். டிக்கெட் விலையும் திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவிஞ்ஞோன்ல அப்படி என்ன இருக்கு? பாரிஸ் பார்த்தா போதாதா?

14ம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையகம் ரோமில் இல்லை, இங்கேதான் இருந்தது. போப்புகள் வாழ்ந்த அரண்மனை, ஊரைச் சுற்றி முழு வட்டமாக நிற்கும் மதில், ஆற்றின் நடுவே முடிந்துவிடும் பாலம், மலைமேல் பேராலயம் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அரண்மனை, பாலம், பேராலயம் அடங்கிய பகுதியை 1995ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பாரிஸின் பழைய பகுதிகளில் நிறைய இடங்களை 19ம் நூற்றாண்டில் இடித்துத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். அவிஞ்ஞோனின் உட்பகுதியில் இடைக்காலத்துச் சந்துகள் இன்னும் அதே வளைவுகளோடு கிடக்கின்றன. எனக்கு அரண்மனை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு இந்தச் சந்துகளும் பிடிக்கும்.

போப் ரோம்லதானே இருப்பாரு? இங்க எப்படி வந்தாரு?

1305ல் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் கிளமென்ட் ஒரு பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் போர்தோ நகரத்தின் பேராயர். அப்போது ரோமில் பெரிய குடும்பங்களுக்கு இடையே ஓயாத சண்டை. இங்கே பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்பின் நெருக்கடி. கிளமென்ட் ரோமுக்குப் போகவே இல்லை. 1309ல் அவிஞ்ஞோனுக்கு வந்து டொமினிக்கன் துறவிகளின் மடத்தில் தங்கினார். தற்காலிகமாகத்தான் வந்தார்.

அவிஞ்ஞோனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஊர் அன்று பிரெஞ்சு மன்னருக்குச் சொந்தமில்லை, புரோவான்ஸ் பிரபுக்களுடையது. பக்கத்திலேயே இருந்த கொம்தா வெனேசான் பகுதி 1274 முதல் திருச்சபையின் சொத்து. ரோன் ஆற்றுவழியாக வடக்கும் தெற்கும் போய் வருவது எளிது. தற்காலிக வாசம் நீண்டு, அடுத்தடுத்து ஏழு போப்புகள் இங்கேயே இருந்தார்கள்.

ட்ரெயின்ல போனா எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்? ரெண்டு காட்டுதே.

ஆமாம், இரண்டு இருக்கின்றன. பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து வரும் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள அவிஞ்ஞோன் டிஜிவி நிலையத்தில் நிற்கும். ஏறத்தாழ 2 மணி 40 நிமிடப் பயணம். அங்கிருந்து அவிஞ்ஞோன் சென்டர் நிலையத்துக்கு உள்ளூர் ரயில் உண்டு, ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். டாக்ஸி தேவையில்லை.

சென்டர் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மதில். அதன் வாசலைத் தாண்டி ரிபப்ளிக் தெருவில் நேராக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் மணிக்கூண்டுச் சதுக்கம். அதற்கு அடுத்தது அரண்மனை. காரில் வருகிறவர்கள் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. உள்ளே தெருக்கள் ரொம்பக் குறுகல், பலவற்றில் கார் போகவும் கூடாது.

காலையில போய்ட்டு சாயங்காலம் திரும்பிடலாமா?

பாரிஸிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தால் முடியும். அரண்மனை, பாலம், மலைப்பூங்கா மூன்றையும் பார்த்துவிடலாம். ஆனாலும் ஓர் இரவு தங்கச் சொல்வேன். அரண்மனைக்கே நிதானமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதை அவசரமாகப் பார்க்கிறவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். பகல் கூட்டம் வடிந்த பிறகு, மாலை வெயில் அரண்மனை முகப்பில் படும் நேரத்தில் அந்தச் சதுக்கத்தில் நிற்க வேண்டும். கல் தேன் நிறத்துக்கு மாறும். தங்குகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

எந்த மாசம் போறது நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சகஜம். ஜூலையில் நாடக விழா வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எந்த மாதமானாலும் காற்றை மறக்காதீர்கள். மிஸ்ட்ரால் என்ற வடகாற்று ரோன் பள்ளத்தாக்கு வழியே இறங்கி வரும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஆனால் பாலத்தின்மேல் நிற்கவே முடியாது. மே மாதத்திலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

அரண்மனைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொல்றாங்களே, உண்மையா?

மேசை, நாற்காலி, கட்டில், திரைச்சீலை எதுவும் இல்லை என்பது உண்மை. பிரெஞ்சுப் புரட்சியின்போது கொள்ளை போனது. அதன்பின் 19ம் நூற்றாண்டு முழுக்க, 1906 வரை, இது ராணுவக் குடியிருப்பு. படைவீரர்கள் பெரிய மண்டபங்களைத் தளம் தளமாகப் பிரித்துத் தங்கினார்கள். சுவரோவியங்களிலிருந்து தலைகளைப் பெயர்த்து விற்றவர்களும் உண்டு. புனித யோவான் சிற்றாலயத்தில் சில உருவங்களுக்கு முகம் இல்லாதது அதனால்தான். இது தெரியாமல் போனால் அந்த வெறுமை வெறும் வெறுமையாகத்தான் படும்.

தப்பிப் பிழைத்தவற்றை விட்டுவிடாமல் பாருங்கள். போப்பின் படுக்கையறைச் சுவர் முழுக்க நீலப் பின்னணி. அதில் திராட்சைக் கொடிகள் சுருண்டு சுருண்டு ஓடுகின்றன, நடுவே பறவைகளும் அணில்களும். அடுத்திருக்கும் மான் அறை போப் ஆறாம் கிளமென்ட்டின் படிப்பறை. 1343ல் தீட்டிய ஓவியத்தில் வேட்டை, மீன் பிடித்தல், பழம் பறித்தல் என்று ஒரு சாமிப் படமும் இல்லாத உலகம். திருச்சபையின் தலைவர் தனியே உட்கார்ந்து படிக்கும் அறைக்கு இதைத்தான் வரையச் சொன்னார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இத்தாலியின் வித்தேர்போ ஊரிலிருந்து வந்த மத்தேயோ ஜொவானெத்தி வரைந்த புனித மார்சியால், புனித யோவான் சிற்றாலயங்களும் முக்கியம். அந்த நீலத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பாதுகாப்புக்காகச் சில சமயம் ஏதாவது ஒரு சிற்றாலயத்தை மூடி வைத்திருப்பார்கள்.

பெரிய தினேல் என்ற விருந்து மண்டபம் 48 மீட்டர் நீளம். போப் இறந்தால் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் கார்டினல்களை இங்கேதான் வெளித்தொடர்பு இல்லாமல் அடைத்து வைத்தார்கள். பக்கத்துச் சமையற்கட்டில் நின்று தலையை நிமிர்த்துங்கள், எண்கோணமாகக் கூம்பிக்கொண்டே போகும் புகைபோக்கி தெரியும். கருவூலத்தில் தரைக் கற்களுக்கு அடியில் ரகசியக் குழிகள் இருக்கின்றன, பொன்னும் பத்திரங்களும் அங்கே கிடந்தன.

இவ்வளவு பெரிய கட்டடத்தை யார் கட்டினாங்க? எவ்வளவு வருஷம் ஆச்சு?

சுமார் 15,000 சதுர மீட்டர் பரப்பு. முக்கியப் பகுதிகள் இருபது ஆண்டுக்குள் எழுந்தன. இரண்டு போப்புகளின் வேலை இது, இரண்டு பேரும் இரண்டு துருவம். 1335ல் தொடங்கியவர் பன்னிரண்டாம் பெனடிக்ட், கண்டிப்பான சிஸ்டர்சியன் துறவி. அவர் கட்டிய பழைய அரண்மனை தடித்த சுவரும் சின்ன சன்னலுமாகக் கோட்டைபோல இருக்கும். 1342ல் வந்த ஆறாம் கிளமென்ட் கலையும் விருந்தும் விரும்பியவர். அவருடைய புதிய அரண்மனையில் விதானம் உயரும், வெளிச்சம் வரும், சிற்ப வேலை கூடும்.

உள்ளே நடக்கும்போது எந்தப் பகுதி யாருடையது என்று கவனித்துக்கொண்டே போங்கள். கிளமென்ட்டின் பெரிய சிற்றாலயம் 52 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். பெனடிக்ட்டின் அறைகளிலிருந்து அங்கே போய் நிற்கும்போது இந்த இரண்டு மனிதர்களின் சுபாவமும் புரிந்துவிடும்.

டிக்கெட் தனித்தனியா வாங்கணுமா? கைடு வேணுமா?

அரண்மனைக்கும் பாலத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், அதுதான் லாபம். பல இடங்களுக்குப் போகிறவர்கள் நகர பாஸ் பற்றிச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அரண்மனை டிக்கெட்டோடு ஹிஸ்டோபேட் என்ற டேப்லெட் தருவார்கள். அறையில் நின்று அதைத் தூக்கிப் பிடித்தால் 14ம் நூற்றாண்டில் அந்த அறை எப்படி இருந்தது என்று காட்டும். தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் அறையைக் கண்ணால் பாருங்கள். முழு நேரமும் திரையையே பார்த்து நடந்தவர்களுக்குச் சுவரோவியம் பார்த்த ஞாபகமே இருப்பதில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டுப் போகலாமா?

ஊருக்குத் தாராளமாக. அரண்மனை உள்ளே யோசித்துத்தான். கோபுரப் படிகள், ஏறி இறங்கும் தளங்கள், தேய்ந்த கல் என்று சுற்றுப்பாதை நீளமானது. சக்கர நாற்காலியில் ஒரு பகுதிக்குத்தான் போக முடியும். டிக்கெட் கவுன்டரில் முதலிலேயே சொல்லிவிட்டால் எதுவரை போகலாம் என்று சொல்வார்கள்.

உள்ளே வேண்டாம் என்றால் அம்மாவைச் சதுக்கத்திலிருந்து கிளம்பும் சின்னச் சுற்றுலா ரயில் வண்டியில் உட்கார வையுங்கள். ஊரைச் சுற்றி மலைப்பூங்கா வரை போய் வரும். சதுக்கத்தில் பாவியிருப்பது உருளைக் கல், தட்டையான செருப்பு அவசியம்.

பாதிப் பாலத்துக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?

நியாயமான கேள்வி. புனித பெனெசே பாலத்தைக் கரையிலிருந்தும் மலைப்பூங்காவிலிருந்தும் இலவசமாகவே நன்றாகப் பார்க்கலாம். படம் எடுக்க எதிரே உள்ள பார்த்தலாஸ் தீவுதான் சிறந்த இடம். பருவத்தைப் பொறுத்து இலவசப் படகும் ஓடும். நேரமோ பணமோ குறைவாக இருந்தால் அதுவே போதும்.

ஆனால் மேலே ஏறினால் ஒன்று புரியும்: பாலம் எவ்வளவு குறுகல், ஆறு எவ்வளவு வேகம். பெனெசே என்ற ஆட்டிடைச் சிறுவனுக்குத் தெய்வக் கட்டளை கிடைத்து 1177ல் வேலை தொடங்கியது என்பது ஐதீகம். 1185 வாக்கில் முடிந்தது. மொத்தம் 22 வளைவுகள், ஏறத்தாழ 900 மீட்டர். தூணின்மேல் உட்கார்ந்திருக்கும் புனித நிக்கலாஸ் சிற்றாலயத்தில் நெடுங்காலம் பெனெசேயின் உடல் இருந்தது. ஆற்றில் போகும் படகோட்டிகளுக்கு நிக்கலாஸ் காவல். பாலத்தில் ஆடிப்பாடுவதாக ஒரு குழந்தைப் பாட்டு உலகம் முழுக்கத் தெரியும், ஆனால் ஆட்டம் நடந்தது பாலத்துக்குக் கீழே, தீவில் என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

மிச்ச வளைவுகள் எங்க போச்சு? திரும்பக் கட்டக் கூடாதா?

1226ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் லூயி ஊரை முற்றுகையிட்டபோது பாலம் இடிபட்டது. திரும்பக் கட்டினார்கள். அதன்பின் ரோன் ஆற்றின் வெள்ளம் ஒவ்வொரு முறையும் ஓரிரு வளைவுகளை அடித்துக்கொண்டு போனது, ஊரார் மரத்தாலும் கல்லாலும் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். 17ம் நூற்றாண்டில் கைவிட்டுவிட்டார்கள். மிஞ்சியது நான்கு வளைவு.

இன்று போக்குவரத்துக்கு வேறு பாலங்கள் இருக்கின்றன. திரும்பக் கட்டினால் அது 21ம் நூற்றாண்டுப் பாலமாகத்தான் இருக்கும். இருக்கிற நான்கும் உண்மையானவை, அவற்றை விழாமல் காப்பாற்றுவதே சரியான வேலை என்பது என் கருத்து.

டிக்கெட்டே வாங்காம என்னென்ன பார்க்கலாம்?

நிறைய. முதலில் அரண்மனையை ஒட்டியிருக்கும் ரோஷே தே தோம் என்ற பாறை மலை. மேலே பூங்கா, குளம், ஆற்றைப் பார்த்த மேடை. வானம் தெளிவாக இருந்தால் 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த மோன் வான்தூ மலையின் வெள்ளை உச்சி தெரியும். பனி என்று நினைப்பீர்கள், கோடையில் தெரிவது சுண்ணாம்புக் கல். வழியில் நோத்ர தாம் தே தோம் பேராலயம், 12ம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் கோபுரத்தில் நிற்கும் தங்க முலாம் பூசிய மாதா சிலை மட்டும் 1859ல் வைத்தது.

புனித பேதுரு ஆலயத்தின் செதுக்கிய மரக் கதவுகளைப் பார்க்காமல் வராதீர்கள், 1551ம் ஆண்டு வேலை. மதில் 4.3 கிலோமீட்டர் சுற்றளவு. மேலே நடக்க முடியாது, வெளிப்புறமாக ஆற்றங்கரைப் பக்கம் ஒரு துண்டு தூரம் நடந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது சாயக்காரர் தெரு.

சாயக்காரர் தெருவா? அது என்ன?

பிரெஞ்சில் ரூ தே தாந்தூரியே. சோர்க் ஆற்றின் கிளை வாய்க்கால் ஒன்று தெருவோரமாக ஓடுகிறது. மேலே பிளாட்டான் மரங்களின் நிழல். வீட்டுக்குப் போகச் சின்னச் சின்னக் கல் பாலங்கள். தண்ணீரில் பழைய மரச் சக்கரங்கள் சில நிற்கின்றன. துணி ஆலைகளும் சாயப் பட்டறைகளும் அந்தச் சக்கரங்களை நம்பித்தான் இருந்தன.

இந்தத் தெருவுக்கும் நம் கடற்கரைக்கும் உறவு உண்டு. 17ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு பிரான்ஸில் அப்படி ஒரு கிராக்கி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அந்தியேன்', அதாவது இந்தியத் துணி. துவைத்தாலும் போகாத சிவப்பு அவர்களுக்குப் புதிது. உள்நாட்டு நெசவாளர்கள் கூச்சல் போட, 1686ல் மன்னர் இறக்குமதி, உற்பத்தி இரண்டையும் தடை செய்தார். 1759 வரை தடை நீடித்தது. ஆனால் அவிஞ்ஞோன் போப்பின் ஊர், மன்னரின் சட்டம் இங்கே செல்லாது. பட்டறைகள் அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து அச்சிட்டு விற்றன, எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகவும் போனது. கடைசியில் 1734ல் போப்போடு ஓர் உடன்படிக்கை போட்டுத்தான் பிரெஞ்சு அரசு இதை நிறுத்த முடிந்தது.

அப்புறம் 18ம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் கரான்ஸ் செடியைப் பயிரிட்டார்கள். நம் மஞ்சிட்டிக்கு உறவு, வேரில் சிவப்புச் சாயம். பிரெஞ்சுப் படைவீரர்களின் சிவப்புக் கால்சட்டைக்கு அந்தச் சாயம்தான். 1860களின் முடிவில் ஜெர்மனியில் அதே சாயத்தை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட, விவசாயம் படுத்துவிட்டது. இன்றைக்குக் கடைகளில் தொங்கும் புரோவான்ஸ் மேசை விரிப்புகளின் மாம்பிஞ்சு உருவத்தையும் சின்னப் பூக்களையும் பார்த்தால், எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரர்கள் கேட்கவே வேண்டாம்.

நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கஷ்டமில்லை. லே ஆல் என்ற மூடிய சந்தை, முகப்பு முழுக்கச் செடி படர்ந்த சுவர். காலையில் போனால் பழம், ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி எல்லாம் கிடைக்கும். திங்கட்கிழமை விடுமுறை. பிற்பகலில் மூடிவிடுவார்கள். உணவகத்தில் ரதத்தூய் என்ற காய்கறிக் கூட்டு, துளசி இனத்து இலையும் பூண்டும் அரைத்துப் போட்ட பிஸ்தூ சூப் கேளுங்கள். ஆனாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்: சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். தப்பனாத் என்ற ஆலிவ் துவையலில் பெரும்பாலும் நெத்திலி சேர்ப்பார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்றால் இறைச்சி, மீன் இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள்.

மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான், தாண்டினால் பல சமையற்கட்டுகள் மூடிவிடும். பாப்பலின் என்று ரோஸ் நிறத்தில் முள் முளைத்த சாக்லேட் விற்பார்கள், ஊரின் விசேஷம். உள்ளே மூலிகை மதுபானம் இருக்கிறது, குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜூலையில நாடக விழாவாமே, அப்போ போகலாமா?

நாடகம் பார்க்கப் போவதானால் அதைவிட நல்ல நேரம் இல்லை. 1947ல் நாடக இயக்குநர் ஜான் விலார் தொடங்கியது. அரண்மனை முற்றத்தில் சுமார் 2,000 பேர் உட்கார, பின்சுவரே மேடைக்குப் பின்னணி. இதைத் தவிர 'ஆஃப்' என்ற இணை விழாவில் ஊர் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் நிகழ்ச்சிகள். 1985ல் ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரதம் இந்த விழாவில்தான் முதலில் நடந்தது, ஊருக்கு வெளியே பூல்போன் கல் குவாரியில், விடிய விடிய. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது, ஆனால் பெருமையாக இருக்கும்.

கட்டடங்களை நிதானமாகப் பார்ப்பதற்காக மட்டும் என்றால் ஜூலையைத் தவிருங்கள். முற்றத்தை இருக்கைகள் அடைத்திருக்கும், தெருவெங்கும் சுவரொட்டி, விடுதி வாடகை ஏறியிருக்கும், அறையும் மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்ய வேண்டும்.

நாங்க கத்தோலிக்கர்கள். போப்புகளோட கல்லறை இருக்கா? ஜெபிக்க முடியுமா?

அரண்மனை இப்போது அருங்காட்சியகம், வழிபாடு இல்லை. ஜெபிக்கப் பக்கத்திலிருக்கும் பேராலயத்துக்குப் போங்கள், கட்டணம் இல்லை, பூசை நடக்கிறது. இருபத்திரண்டாம் யோவானின் நுணுக்கமான கல்லறை மண்டபம் அங்கே இருக்கிறது. அவர் முன்பு இதே ஊரின் ஆயராக இருந்தவர், 1334ல் இங்கேயே காலமானார். ஆறாம் இன்னொசென்ட்டின் கல்லறை ஆற்றுக்கு அக்கரையில், வில்னவ் மடத்தில். ஆறாம் கிளமென்ட் தொலைவில் உள்ள ஷேஸ் தியூ மடத்தில் அடக்கமானார்.

ஒரு இடத்துல 7 போப்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 9. எது சரி?

இரண்டும் ஒரு கணக்கில் சரி. 1309ல் வந்த ஐந்தாம் கிளமென்ட் முதல் பதினோராம் கிரகோரி வரை ஏழு பேர், திருச்சபை முழுமையாக ஏற்றுக்கொண்டவர்கள். சியன்னா ஊர் புனித கத்தரீனா 1376ல் இங்கேயே வந்து ரோமுக்குத் திரும்பும்படி கிரகோரியிடம் மன்றாடினார். அவர் கிளம்பி 1377 ஜனவரியில் ரோம் சேர்ந்தார், மறு ஆண்டே இறந்துபோனார்.

அப்போது பெரிய பிளவு. ரோமில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த அதே கார்டினல்களில் பெரும்பாலோர் சில மாதத்தில் இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க, அந்த ஏழாம் கிளமென்ட் அவிஞ்ஞோனில் வந்து அமர்ந்தார். அவருக்குப் பின் பதின்மூன்றாம் பெனடிக்ட். இந்த இருவரையும் ரோம் எதிர்ப்போப்புகள் என்கிறது. பெனடிக்ட்டைப் பிரெஞ்சுத் தரப்பே கைவிட்டு, 1398ல் அரண்மனையை முற்றுகையிட்டது. 1403ல் அவர் தப்பி ஓடினார். அந்தத் தடித்த சுவர்கள் எதற்கு என்று உள்ளே நிற்கும்போது தோன்றினால், இந்த முற்றுகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

போப்புங்க இங்க கைதியா இருந்தாங்கன்னு படிச்சேன். அப்படியா?

இல்லை. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் அவிஞ்ஞோனைப் பாபிலோன் என்று திட்டினார், பாபிலோன் சிறைவாசம் என்ற பேச்சு அப்படித்தான் பரவியது. பிரெஞ்சு மன்னர்களின் செல்வாக்கு பலமாக இருந்தது உண்மை. ஆனால் வரி வசூல், நீதிமன்றம், கணக்குப் பதிவு என்று திருச்சபை நிர்வாகம் இந்தக் காலத்தில்தான் இறுகிப் பலப்பட்டது. 1348ல் ஆறாம் கிளமென்ட் இந்த ஊரையே புரோவான்ஸையும் ஆண்ட நேப்பிள்ஸ் அரசி ஜொவானாவிடமிருந்து 80,000 ஃப்ளோரின் பொற்காசு கொடுத்து வாங்கினார். கைதி சிறைச்சாலையை விலைக்கு வாங்குவதில்லை. போப்புகள் போன பிறகும் ஊர் 1791 வரை திருச்சபையின் சொத்தாகவே இருந்தது.

இதுல எது ஒரிஜினல், எது பின்னால கட்டினது?

மதில் 14ம் நூற்றாண்டு. ஆனால் மேல்விளிம்பின் பற்களையும் சில பகுதிகளையும் 19ம் நூற்றாண்டில் வியோலே ல தூக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தார். அகழி தூர்ந்துபோனதால் மதில் இன்று குட்டையாகத் தெரிகிறது. அரண்மனைச் சுவர்கள் அசல். தலைவாசலுக்கு மேலுள்ள இரண்டு கூர்கோபுரங்கள் 20ம் நூற்றாண்டில் திரும்ப வைத்தவை. விருந்து மண்டபத்தின் சுவரோவியங்கள் 1413 தீவிபத்தில் போய்விட்டன, மர விதானம் புதியது. மான் அறை, படுக்கையறை, ஜொவானெத்தியின் சிற்றாலயங்கள் அன்று தீட்டியவை. நேரம் குறைவாக இருந்தால் அங்கே செலவழியுங்கள்.

அதே நாள்ல போன் து கார், ஆர்ல் ரெண்டையும் முடிச்சிடலாமா?

வேண்டாம். போன் து கார் ரோமானியர்களின் நீர்ப்பாலம், மூன்று அடுக்கு, ஏறத்தாழ 49 மீட்டர் உயரம், அவிஞ்ஞோனிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில். அதற்கே அரை நாள் வேண்டும். ஆர்லுக்கு சென்டர் நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான், ஆனால் ரோமானிய வட்ட அரங்கும் பழைய ஊரும் இன்னொரு அரை நாள். இரண்டு இரவு தங்கினால் மூன்றும் அமையும். ஓர் இரவுதான் என்றால் போன் து காரைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கரையில ஒரு கோட்டை தெரியுதே, அது அவிஞ்ஞோனைச் சேர்ந்ததா?

சேராது. அது வில்னவ் லேஸ் அவிஞ்ஞோன், தனி ஊர். இடைக்காலத்தில் ரோன் ஆறுதான் எல்லை, அக்கரை பிரெஞ்சு மன்னரின் நாடு. பாலத்தின் மறுமுனை இருந்த இடத்தில் நிற்கும் பிலிப் லெ பெல் கோபுரமும் மேலே உள்ள புனித அந்திரேயா கோட்டையும் இக்கரையைக் கண்காணிக்க மன்னர்கள் கட்டியவை. இடம் நெருக்கடியானதால் கார்டினல்கள் அங்கே மாளிகை கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்தான் பின்னால் போப்பான ஆறாம் இன்னொசென்ட். 1356ல் தன் மாளிகையைக் கார்த்தூசியன் துறவிகளுக்குக் கொடுத்தார், அதுதான் மேலே சொன்ன மடம். ஊருக்குள்ளிருந்து பஸ் போகிறது. பிற்பகல் கடைசியில் போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே அரண்மனை, மதில், பாலம் எல்லாம் ஒரே படத்தில் விழும். கோட்டை மூடும் நேரத்தை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.